குறட்டைக்கு நடுவில் வரும் அமைதி

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் மலைக்குப் போய் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் இராவணன் கதைதான். ஆனால் அவனுடைய தம்பிக்கு இந்த ஊரில் தனி இடம் தேவையில்லை, அவன் எல்லா வீட்டிலும் இருக்கிறான். சுபஹுக்கு எழும்பாத பையனை நம் உம்மாமாரும் "கும்பகர்ணன்" என்றுதானே ஏசுகிறார்கள். ஆறு மாதம் தூங்குவான், அவன் மூச்சுக்காற்று பக்கத்தில் நிற்பவர்களைத் தள்ளிவிடும், முரசு அடித்தும் யானையை மிதிக்கவிட்டும்தான் எழுப்ப வேண்டும் என்று கதை சொல்கிறது. குறட்டை என்றால் சிரிப்பு என்ற பழக்கம் அவ்வளவு பழையது.

நம் பக்கத்தில் இந்தச் சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று எங்கே எடுத்தாலும் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறார். புது மருமகன் முதல் கிழமை குறட்டை விட்டால் மாமி, மாமா, மச்சினிமார் எல்லாருக்கும் கேட்கும். கூரை வரை எழும்பாத சுவர் உள்ள வீடுகளில் அடுத்த அறையிலும் அதே சத்தம்தான். மறுநாள் தேத்தண்ணி கொண்டுவருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்த வெட்கத்தில் வருஷக்கணக்காக வாசல் திண்ணையில் படுத்த மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சிரிப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறட்டையை மனிதர்கள் எப்படி நிறுத்தப் பார்த்தார்கள் என்பதன் வரலாறு சுவையானது. அதில் வைத்தியர்களைவிடப் பக்கத்தில் படுத்து விழித்திருந்தவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மிகப் பழைய "சிகிச்சை"களில் ஒன்று கருங்கடல் கரையில் நடந்தது. ஹெராக்ளியா என்பது இன்றைய துருக்கியில் உள்ள ஒரு பழைய கிரேக்க நகரம். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் அதை ஆண்டவன் டயோனிசியஸ். சாப்பாட்டுப் பிரியன். உடம்பு பெருத்துப் பெருத்து மூச்சுவிடவே கஷ்டப்பட்டான். தூங்கினால் எழும்பாமலே போய்விடுவான் என்று பயந்த வைத்தியர்கள் நீளமான மெல்லிய ஊசிகளைச் செய்வித்து, அவன் ஆழ்ந்து தூங்கும்போது விலாவிலும் வயிற்றிலும் ஏற்றச் சொன்னார்கள். கொழுப்புக்குள் ஊசி போகும்வரை அவனுக்கு ஒன்றும் தெரியாது. கொழுப்பைத் தாண்டிச் சதையைத் தொட்டதும் விழிப்பான். வழக்கு விசாரிக்க உட்காரும்போது முகம் மட்டும் தெரியும்படி முன்னால் ஒரு பெட்டியை வைத்து உடம்பை மறைத்துக்கொள்வானாம். பல நூற்றாண்டு கழித்து அதினேயஸ் என்ற எழுத்தாளர் இதைப் பதிந்து வைத்தார்.

கொடுமையான வைத்தியம்தான். ஆனால் ஒன்றை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். அவர்கள் பயந்தது சத்தத்துக்கு அல்ல, மூச்சு நின்றுவிடும் என்பதற்கு. பின்னால் வந்த வைத்தியர்கள் பலர் இதை மறந்துபோனார்கள்.

குறட்டை எல்லாமே நோய் என்று நினைத்துவிடவும் கூடாது. ஸஹீஹுல் புகாரியில் வரும் ஓர் இரவு நமக்குத் தெரியும். சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரழி) தமது சாச்சி மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் தங்குகிறார். நபி (ஸல்) அவர்களின் இரவுத் தொழுகையைப் பார்க்க வேண்டும் என்று விழித்திருக்கிறார். அவர்கள் தூங்கும்போது வந்த மூச்சொலியையும் கேட்டு அறிவித்திருக்கிறார். அந்த இடத்தில் வரும் "கதீத்" என்ற அரபுச் சொல்லுக்குக் குறட்டை போன்ற மூச்சொலி என்றே பொருள் சொல்வார்கள். களைத்த உடம்பு தூங்கும்போது சத்தம் வருவது மனித இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி இடையில் பல நூறு ஆண்டுகளைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போவோம். 1836இல் சார்ள்ஸ் டிக்கின்ஸ் ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினார். அதில் ஜோ என்று ஒரு வேலைக்காரப் பையன். குண்டுப் பையன், எந்த நேரமும் சாப்பாடு, நின்றபடியே தூக்கம், பெரிய குறட்டை. இங்கிலாந்தே சிரித்தது. "பிக்விக்" என்ற அந்தக் கதையின் பெயர் 120 ஆண்டு கழித்து ஒரு நோயின் பெயராக வந்து சேரும் என்று டிக்கின்ஸ் நினைத்திருக்க மாட்டார்.

சிரிக்காமல் காதுகொடுத்துக் கேட்ட ஒரு மனிதரும் அந்த நூற்றாண்டில் இருந்தார். லண்டன் வைத்தியர் பிரோட்பென்ட். 1877இல் அவர் எழுதியதன் சாரம் இது: வயதானவர் ஒருவர் மல்லாந்து படுத்துப் பலமாகக் குறட்டை விடுகிறார். திடீரென்று சத்தம் நின்றுவிடுகிறது. நெஞ்சு மட்டும் மூச்சு இழுக்கப் பாடுபடுகிறது, காற்று உள்ளே போகவில்லை. இரண்டு, மூன்று, நான்கு மூச்சு நேரம் ஒரே அமைதி. பிறகு பெரிய சீறலோடு காற்று உள்ளே போகிறது, குறட்டை மீண்டும் தொடங்குகிறது.

உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். "வாப்பா குறட்டைய நிப்பாட்டிட்டாரு, அல்ஹம்துலில்லாஹ்" என்று திரும்பிப் படுத்திருப்பீர்கள். பிரோட்பென்ட் சொன்னது, அந்த நிறுத்தத்தில்தான் வருத்தம் இருக்கிறது என்பது.

இது ஏன் நடக்கிறது? தூங்கும்போது நாக்கையும் மேலண்ணத்தையும் தொண்டைச் சுவரையும் தாங்கும் தசைகள் தளர்கின்றன. வழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியால் காற்று வேகமாகப் போக, மென்மையான சதை ஜன்னல் திரைச்சேலை மாதிரிப் படபடக்கிறது. அதுதான் குறட்டை. வழி இன்னும் ஒடுங்கினால், நனைந்துபோன காகித ஸ்ட்ரோவில் ஜூஸ் உறிஞ்சுவதை நினைத்துப் பாருங்கள். உறிஞ்ச உறிஞ்சக் குழாய் ஒட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் இன்னும் இறுக்கமாக ஒட்டும். தொண்டையும் அப்படித்தான். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை பயந்து அரைவிழிப்புக் கொடுக்கிறது, தொண்டை திறக்கிறது, சீறல் வருகிறது. ஆள் விழித்தது அவருக்கே தெரியாது. காலையில் "நல்லாத் தூங்கினன், ஆனா களைப்பு போகல" என்பார்.

துறைமுக ஊர்க்காரர்களுக்கு இதை இன்னொரு வழியிலும் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் நம் துறைமுகத்தில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் நின்றன. 4ஆவது நீர்மூழ்கி அணி, அதன் தாய்க்கப்பல் அடமண்ட். நீருக்கடியில் டீசல் என்ஜினை ஓட்ட நீர்மூழ்கியிலிருந்து மேலே ஒரு காற்றுக்குழாய் நீட்டும் முறையை ஜேர்மனியர் அந்தப் போரில் பரவலாகப் பயன்படுத்தினார்கள். பிரித்தானியர் போருக்குப் பிறகுதான் தங்கள் படகுகளுக்குப் பொருத்தினார்கள். அலை அடித்தால் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். என்ஜின் நிற்காது, படகுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கும். மாலுமிகளுக்குக் காது வலிக்கும். தொண்டை மூடிய பிறகும் நெஞ்சு இழுத்துக்கொண்டிருப்பது இதே கதைதான். இன்னொரு வேடிக்கை: ஜேர்மனியர் அந்தக் குழாய்க்கு வைத்த "ஸ்னோர்க்கல்" என்ற பெயர் அவர்களுடைய குறட்டை என்ற சொல்லுக்கு உறவு. பிரித்தானியக் கடற்படை வைத்த பெயர் "ஸ்னோர்ட்". அதாவது சீறல்!

பிரோட்பென்ட் எழுதியதை அவர் காலத்தில் யாரும் பின்தொடரவில்லை. அந்தக் கதைக்குத் திரும்பி வருமுன், ஆசிரியராக எனக்கு மிக முக்கியமான ஒரு கிளைக்கதையைச் சொல்ல வேண்டும். அது பிள்ளைகளைப் பற்றியது.

1868இல் கோப்பன்ஹேகன் வைத்தியர் வில்ஹெல்ம் மேயர், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் வளரும் ஒரு சதையை விவரித்தார். இன்று அடினொயிட் என்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. சிலருக்கு அது பெருத்து மூக்கு வழியை அடைத்துவிடும். 1889இல் வில்லியம் ஹில் என்ற வைத்தியர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளின் பின்தங்கலுக்கும் மந்தத்துக்கும் சில காரணங்கள் என்பது பொருள். தலைப்பைப் பார்த்தால் கோபம் வரும். உள்ளே இருப்பது இரக்கம். வாயால் மூச்சுவிடும், இரவில் அமைதியில்லாமல் தூங்கும், பகலில் மந்தமாக இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் மூக்கையும் தொண்டையையும் பாருங்கள் என்றார்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எந்தப் பாடசாலையிலும், எந்த வகுப்பிலும், முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலை வைக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. வாய் எப்போதும் கொஞ்சம் திறந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை. ஆசிரியர் அறையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும். சில பிள்ளைகள் தூங்குவதே இல்லை, நேர்மாறாக ஓரிடத்தில் இருக்காமல் துள்ளுவார்கள். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் தூங்கி வழிவார்கள், பிள்ளைகளுக்கு அது குழப்படியாகவும் வெளிவரும்.

1998இல் டேவிட் கோசால் என்ற பிள்ளை வைத்தியர் அமெரிக்காவிலிருந்து வெளியிட்ட ஆய்வு ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்திருக்க வேண்டியது. முதலாம் வகுப்பில் மிகக் கடைசி நிலையில் இருந்த 297 பிள்ளைகளின் தூக்கத்தைப் பார்த்தார். 54 பேருக்கு இரவில் மூச்சுக் குறைபாடு இருந்தது. அவர்கள் எல்லாருடைய பெற்றோருக்கும் சிகிச்சை செய்யச் சொல்லப்பட்டது. 24 பிள்ளைகளுக்கு டொன்சிலும் அடினொயிட்டும் எடுக்கப்பட்டன, 30 பிள்ளைகளின் பெற்றோர் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடம் அந்த 24 பேரின் புள்ளிகள் ஏறின. 30 பேரின் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

அதற்காகக் குறட்டை விடும் ஒவ்வொரு பிள்ளையையும் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. 2013இல் 464 பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், சத்திரசிகிச்சை செய்தவர்களின் தூக்கமும் நடத்தையும் நன்றாகத் தேறின. ஆனால் கவனத்தை அளக்கும் சோதனையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. சத்திரசிகிச்சை செய்யாமல் கவனித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஏழு மாதத்தில் மூச்சு தானாகவே சீரானது. ஆகவே முடிவு வைத்தியருடையது. கவனித்துச் சொல்ல வேண்டியது மட்டும் உம்மா, வாப்பா, ஆசிரியருடையது. தடிமன் இல்லாத நாளிலும் குறட்டை, தலையைப் பின்னால் வளைத்துப் படுப்பது, இரவில் வியர்வை, வளர்ந்த பிறகும் படுக்கையில் சிறுநீர். இவை இருந்தால் சொல்லுங்கள். 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கென்று விடியற்காலை ரியூசனுக்கு அனுப்புகிற பெற்றோருக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன். தூங்காத பிள்ளைக்கு இன்னொரு ரியூசன் மருந்தாகாது.

சரி, பெரியவர்களின் கதைக்கு வருவோம். 1956இல் அமெரிக்காவின் பொஸ்டனில் பேர்வெல் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 51 வயது வியாபார நிர்வாகி, நல்ல பருமன். கிழமைக்கு ஒரு தடவை சீட்டாடுகிறவர். ஒரு நாள் கைக்கு வந்தது வெல்லக்கூடிய சீட்டு. அதைப் போடுமுன் தூங்கிவிட்டார்! அதற்குப் பிறகுதான் தனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று நம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். (சூதாட்டம் ஹராம்தான். ஆனால் மனிதருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.) டிக்கின்ஸின் குண்டுப் பையனை நினைத்து வைத்தியர்கள் அதற்கு "பிக்விக்" நோய் என்று பெயர் வைத்தார்கள். எடை குறையக் குறைய அவர் தேறினார். ஆனால் கண்டுபிடிப்பு பாதிதான். உடலில் கரியமில வாயு சேர்வதால்தான் தூக்கம் என்று நினைத்தார்கள். இரவில் அவர் தொண்டை மூடித் திறக்கிறதா என்று யாரும் விழித்திருந்து பார்க்கவில்லை.

1965இல்தான் விழித்திருந்து பார்த்தார்கள். ஜேர்மனியின் பிரைபேர்க்கில் யுங், கூலோ இருவரும், பிரான்சின் மார்சேயில் காஸ்தோவும் குழுவினரும், தனித்தனியாக. நோயாளியின் தலையிலும் நெஞ்சிலும் கம்பிகளை ஒட்டி இரவு முழுவதும் பதிவுசெய்தார்கள். மூச்சு நின்று நின்று வருவது காகிதத்தில் கோடாக வந்தது. பிரோட்பென்ட் காதால் கேட்டதை இயந்திரம் எழுதிக் காட்ட 88 ஆண்டு ஆகியிருக்கிறது. அந்த 88 ஆண்டும் உலகத்தில் எத்தனை மனைவிமார் இருட்டில் அந்த அமைதியை எண்ணிக்கொண்டு கிடந்திருப்பார்கள்! அவர்களைக் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

நோய் தெரிந்தது, மருந்து? 1969இல் கூலோவின் குழு கழுத்தில் ஒரு துளையிட்டுக் குழாய் வைத்தது. தொண்டை மூடினாலும் காற்று துளையால் போகும். நோயாளிகள் புது மனிதர்களாக எழும்பினார்கள். ஆனால் கழுத்தில் துளையோடு யார் வாழ்வார்? ஜப்பானில் இகெமட்சு என்ற வைத்தியர் 1950களிலிருந்தே உள்நாக்குப் பக்கத்துச் சதையை வெட்டிக் குறட்டையைக் குறைத்துப் பார்த்தார். 1981இல் அமெரிக்காவின் டிட்ரோயிட்டில் புஜிட்டா அதை மூச்சுத்தடைக்கான சத்திரசிகிச்சையாக விரித்தார். சத்தம் குறையும், நிச்சயம். பலருக்கு மூச்சுத்தடை போகவில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு நோயை உள்ளே வைப்பது, எரியும் வீட்டில் மணியை மட்டும் கழற்றுவது மாதிரி.

இதற்கிடையில் 1976இல் ஸ்டான்போர்டில் கிறிஸ்டியான் கில்லெமினோவும் குழுவினரும் "ஸ்லீப் எப்னியா" என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதை ஒரு தடவை என்று எண்ணுகிறார்கள். பருமன் இல்லாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் சிட்னியின் கொலின் சலிவன். ஒட்டிக்கொண்ட ஸ்ட்ரோவை எப்படித் திறப்பீர்கள்? உறிஞ்சினால் திறக்காது, ஊதினால் திறக்கும். அவ்வளவுதான் அவர் யோசனை. 1980 ஜூனில் ஒரு நோயாளியின் மூக்கில் முகமூடி பொருத்தி, வெக்கியூம் கிளீனர் மாதிரியான ஒரு மோட்டாரால் காற்றை உள்ளே செலுத்தினார். கழுத்தில் துளையிட வேண்டாம் என்று சொன்ன நோயாளி அவர். அழுத்தத்தை மெதுவாகக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் குறட்டை நின்றது, மூச்சும் சீராக வந்தது. ஆள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனார். அழுத்தத்தைக் குறைத்ததும் மீண்டும் தடை. கூட்டினால் மீண்டும் சீர். 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். இன்று சீபாப் என்று சொல்லும் மெஷினின் பிறப்பு அதுதான். பலர் அதை ஒட்சிசன் மெஷின் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது வெறும் அறைக் காற்று, தொண்டைக்குள் ஒரு தூண் மாதிரி நிற்கிறது.

இது அபூர்வ நோய் என்ற நினைப்பை 1993இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் ஆய்வு உடைத்தது. 30 முதல் 60 வயது வரையான சாதாரண அரச ஊழியர்களை வைத்துப் பார்த்தபோது, ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் மணிக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டது. பெண்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். நம் வீடுகளில் ஆண் குறட்டை விட்டால் பகிடி, பெண் விட்டால் வெட்கம். ராத்தாமார் யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இது கூடும். கர்ப்பிணிக்குப் புதிதாகக் குறட்டை தொடங்கினால் பிரசர் ஏறுவதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் அதைச் சொல்வதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

இனி வீட்டு வைத்தியங்கள். "சேர், இதெல்லாம் சரி, நிப்பாட்ட வழி என்ன" என்றுதானே கேட்பீர்கள்.

பக்கவாட்டில் படுப்பது உண்மையிலேயே உதவும். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். பலருக்கு மூச்சுத்தடை மல்லாந்து படுக்கும்போதுதான் கூடுகிறது என்பதை 1984இல் ரோசலிண்ட் கார்ட்ரைட் அளந்து காட்டினார். ரீசேர்ட்டின் முதுகில் பொக்கெட் தைத்து டெனிஸ் பந்து போடுவது பழைய தந்திரம். திரும்பினால் குத்தும். வேலை செய்யும், ஆனால் மனிதர் பொறுக்க மாட்டார். 2009இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில், பந்து கொடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைத் தொடரவில்லை. வலப்பக்கம் சாய்ந்து படுப்பது நமக்கு ஸுன்னத். அதை ஸுன்னத் என்பதற்காகச் செய்வோம். மார்க்கத்தை மருந்து விளம்பரமாக்கும் பதிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

எடை. இதில் தப்ப வழியில்லை. அதே விஸ்கொன்சின் குழு 2000இல் கணக்கிட்டது: 10 சதவீதம் எடை குறைந்தால் மூச்சுத்தடை கால் பங்குக்குக் கிட்டக் குறைகிறது, 10 சதவீதம் கூடினால் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரவு பத்து மணிக்குக் கொத்தும் பெரிய சோடாப் போத்தலும் என்ற நம் புதுப் பழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சிகரட்டும் தொண்டையை வீங்கவைக்கும். தூக்க மாத்திரை தசையை இன்னும் தளர்த்தும், பார்மசியில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

பல் வைத்தியர் செய்து கொடுக்கும், கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கருவி லேசான நோய்க்கு நல்லது. நாக்கு, தொண்டைப் பயிற்சிகளையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 2009இல் பிரேசிலில் 31 பேரை வைத்து மூன்று மாதம் செய்த சோதனையில் நல்ல பலன் கிடைத்தது. 2006இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்துச் செய்த சோதனை வேடிக்கையானது. அவுஸ்திரேலிய ஆதிவாசிகளின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலைப் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அவர்களுடைய மூச்சுத்தடையும் பகல் தூக்கமும் குறைந்தன, பக்கத்தில் படுப்பவர்களும் நிம்மதியடைந்தார்கள். 2017இல் அதற்குச் சிரிப்புக்கான "இக் நோபல்" பரிசு, அதுவும் சமாதானப் பிரிவில்!

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாகச் சொல்வேன். ஒன்று, மூக்கில் எண்ணெய். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் நசியம் என்று முறையான சிகிச்சை இருக்கிறது, அதைப் படித்த வைத்தியர் செய்வார். ஆனால் வீட்டில் குழந்தையைப் படுக்கப்போட்டு மூக்கில் எண்ணெய் ஊற்றுவது வேறு. அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா ஆகும். மற்றது, வீடியோக்களில் வரும் வாய்க்கு டேப் ஒட்டும் பழக்கம். மூக்கடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து. பிள்ளைக்குச் செய்யவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது படுக்கையறையோடு முடிகிற விஷயம் அல்ல. நம் ஊரில் எத்தனை பேர் இரவு பஸ், கன்டர், லொறி ஓட்டுகிறார்கள். கந்தளாய், ஹபரணை தாண்டும் நீண்ட நேர்ப் பாதை நமக்குத் தெரியும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று, இந்த நோய் உள்ள சாரதிக்கு விபத்து ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்கிறது. இரவில் கடலுக்குப் போய்ப் பகலில் தூங்கும் மீனவருக்கும், ஷிப்ட் வேலைக்காரருக்கும் தூக்கம் ஏற்கனவே குறைவு. கிளினிக் கொப்பியில் மூன்று பிரசர் மருந்து எழுதியும் இறங்காத பிரசருக்குப் பின்னாலும் பல வேளை இதுதான் இருக்கிறது.

வைத்தியரிடம் போகும்போது தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2008இல் டொரன்டோவில் பிரான்சஸ் சங் உருவாக்கிய கேள்விப் பட்டியலை இன்று உலகமெங்கும் கேட்கிறார்கள். பலமான குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, பிரசர் இருக்கிறதா, பருமனா, வயது 50க்கு மேலா, கழுத்து தடிப்பா, ஆணா. எட்டுக் கேள்வி. அதில் மூன்றாவது கேள்விக்கு நோயாளியால் பதில் சொல்ல முடியாது, மச்சிதான் சொல்ல வேண்டும். போனில் இரண்டு நிமிடம் பதிவுசெய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. சத்தத்தை மட்டும் எடுக்காதீர்கள். சத்தம் நிற்கிற இடமும், மறுபடி சீறி எழும்புகிற இடமும் பதிவில் வர வேண்டும். நெஞ்சு அசைவது தெரிந்தால் மிகவும் நல்லது. முதலில் நம் ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

கட்டார், சவூதியிலிருந்து பழைய சீபாப் மெஷின் கொண்டுவரும் உறவுகளுக்கு ஒன்று. 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி, உள்ளே இருக்கும் பஞ்சு சிதைந்து மூச்சோடு போகலாம் என்று இலட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. வாங்குமுன் மொடலையும் சீரியல் இலக்கத்தையும் பாருங்கள். அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு வைத்த அளவில் இன்னொருவர் படுக்கக் கூடாது, வைத்தியர் பார்த்து வைத்துத் தர வேண்டும்.